நாற்பத்தெட்டாம் நாள் தோப்புக்கரணம்

இராஜமாணிக்கத்தைப் போன வார அத்தியாயத்தில் மூன்றாவது மாடி வார்டில், பதினொன்றாம் நம்பர் கட்டிலில் படுக்க வைத்துவிட்டு வந்தோம். இன்று காலை எட்டு மணிக்கு அவருக்கு பைபாஸ். விதான சௌதா தலைமைச் செயலகத்தில் முப்பத்தைந்து வருஷம் ஃபைல் பார்த்து ரிட்டயர் ஆன மனுஷன், வயது அறுபத்து மூன்று, நெஞ்சில் இரண்டு அடைப்பு. இதுவரை நமக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

தெரியாத ஒன்று இருக்கிறது. அது அவருக்கும் அவர் மனைவி ரத்தினம்மாளுக்கும் மட்டுமே தெரியும். டாக்டரிடம் சொல்லவில்லை. மகன் ஹரிஷிடமும் மகள் லாவண்யாவிடமும் மூச்சு விடவில்லை. அதை இப்போது நான் போட்டு உடைக்காவிட்டால் கதை ஒரு அடி நகராது.

ரத்தினம்மாள் வேண்டிக்கொள்வதில் கெட்டிக்காரி. ஆனால் வேண்டுவது அவள், நிறைவேற்றுவது கணவர். லாவண்யா பி.யு.சி. பாஸானதற்கு மொட்டை போட்டுக்கொண்டது இராஜமாணிக்கம். அடுகோடியில் வீடு கட்டி முடித்ததற்கு வெறுங்காலோடு மலை ஏறியது இராஜமாணிக்கம். ஹரிஷுக்கு அமெரிக்க விசா கிடைத்தால் ஒரு மண்டலம், தினம் இருபத்தொரு தோப்புக்கரணம் 'இவர்' போடுவார் என்று பிப்ரவரி மாதம் தெருமுனைப் பிள்ளையாரிடம் சொல்லிவிட்டு வந்தாள். வீட்டுக்கு வந்த பிறகுதான் 'இவருக்கு'த் தகவல்.

விசா வந்துவிட்டது. ஹரிஷுக்கு அடுத்த வியாழக்கிழமை விமானம். இராஜமாணிக்கமும் காதைப் பிடித்துக்கொண்டு தினம் காலையில் ஆரம்பித்துவிட்டார். இருபதாம் நாள் நெஞ்சு வலித்தது, கண் இருட்டியது. டாக்டர், ஆஞ்சியோகிராம், இரண்டு அடைப்பு என்று மளமளவென்று ஆகிவிட்டது. உடம்பை அலட்டிக்கொள்ளக் கூடாது என்றார்கள். வாக்கிங் போவீர்களா, எக்சர்சைஸ் செய்வீர்களா என்று கேட்டார்கள். "அதெல்லாம் பழக்கமே இல்ல சார்" என்று புருஷனும் பெண்டாட்டியும் ஒரே குரலில் சொன்னார்கள். பொய் சொன்னதாக அவர்களுக்குத் தோன்றவே இல்லை. தோப்புக்கரணத்தை எக்சர்சைஸ் என்று யார் சொல்வார்கள்?

மண்டலத்தைப் பாதியில் நிறுத்தினால் விசாவுக்கு ஏதாவது வந்துவிடும் என்று அவளுக்குப் பயம். அவள் பயந்தால் அவருக்கும் பயம். எனவே விடவில்லை. ஏழெட்டு போட்டதும் கண் இருட்டும். கோயில் தூணைப் பிடித்துக்கொள்வார். ரத்தினம்மாள் முந்தானை முடிச்சை அவிழ்த்து, நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரையை எடுத்துக் கொடுப்பாள். அதை வைத்தால் இன்னும் அதிகமாக இருட்டும். கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் தெளியும். இப்படித் தவணை முறையில் இருபத்தொன்றையும் முடித்துவிட்டு இருவரும் இட்லி சாப்பிட வீட்டுக்குப் போவார்கள்.

இன்று நாற்பத்தெட்டாம் நாள்.

காலை ஆறே கால். இராஜமாணிக்கம் குளித்துவிட்டு, முதுகுப் பக்கம் நாடா கட்டிய பச்சை அங்கியில் நின்றார். எதிர்ச் சுவரில் ஏதோ பேங்கின் காலண்டரில் பிள்ளையார். ரத்தினம்மாள் வாசலில் காவல். மகளை காபி வாங்க அனுப்பியாயிற்று.

"வெரசா முடிச்சிடுங்க" என்றாள்.

ஒன்று, இரண்டு, மூன்று. ஏழாவதில் எழுந்தவர் அப்படியே கட்டிலின் இரும்புக் கம்பிமேல் சரிந்தார். காதைப் பிடித்த கைகள் பிடித்தபடி இருந்தன.

ரத்தினம்மாளின் கை தானாக முந்தானைக்குப் போனது. அதற்குள் சிஸ்டர் பவுலின் உள்ளே வந்துவிட்டாள். இருபது வருஷம் இதய வார்டில் இருந்தவள். அவரைப் படுக்க வைத்து, இரண்டு கால்களையும் தூக்கித் தலையணைமேல் வைத்தாள். ரத்தினம்மாள் கையிலிருந்த மாத்திரையைப் பிடுங்கித் தன் பாக்கெட்டில் போட்டுக்கொண்டாள். பிறகுதான் டாக்டரைக் கூப்பிட ஆள் அனுப்பினாள்.

டாக்டர் சிவசங்கரன் சேலத்துக்காரர். ஆபரேஷன் செய்யப் போகிறவர் அவர்தான். வந்ததும் என்ன ஆச்சு என்று கேட்டார். பாத்ரூம் போய்விட்டு வந்தேன், தலை சுற்றிவிட்டது என்று இராஜமாணிக்கம் படுத்தபடியே சொன்னார். பவுலின் சிரிக்காமல் ஒரே ஒரு தகவல் சொன்னாள். "நான் பார்க்கும்போது அங்கிள் ரெண்டு காதையும் பிடிச்சிட்டு இருந்தார், டாக்டர்."

எல்லோரும் ரத்தினம்மாளைப் பார்த்தார்கள். அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. விசாவிலிருந்து ஆரம்பித்து நாற்பத்தெட்டு நாள் கதையையும் கொட்டினாள். தூண், மாத்திரை, இட்லி எதையும் விடவில்லை. கடைசியில், "எல்லாம் நான் வேண்டிக்கிட்டதாலதான் சார். திட்டுறதுன்னா என்னைத் திட்டுங்க" என்றாள்.

டாக்டர் திட்டவில்லை. அவர் முகத்தில் ஒரு பரபரப்பு வந்திருந்தது.

"எழுந்திருக்கும்போதுதானே இருட்டுது? உட்காரும்போது இல்லையே?"

"உட்கார்ந்தா நல்லா இருக்கும் சார்" என்றார் இராஜமாணிக்கம்.

பத்து நிமிஷம் படுக்கவிட்டு, ஒரு பக்கம் பவுலினும் ஒரு பக்கம் வார்டு ஆளும் பிடித்துக்கொள்ள, அவரை மெதுவாகக் குந்தி உட்காரச் சொன்னார். ஸ்டெதாஸ்கோப்பை நெஞ்சில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டார். பிறகு எழுந்திருக்கச் சொன்னார்.

"இன்னொரு தடவை" என்றார் டாக்டர்.

இராஜமாணிக்கம் உட்கார்ந்து எழுந்தார். டாக்டர் கண்ணைத் திறந்தார். எட்டு மணி கேஸை நிறுத்தச் சொல்லுங்கள், எக்கோ மெஷினை ரெடி பண்ணச் சொல்லுங்கள் என்று பவுலினிடம் சொல்லிக்கொண்டே பாதி வராந்தா தாண்டிவிட்டார்.

ஏழே முக்காலுக்கு ஹரிஷ் வந்தான். லிஃப்ட் வேலை செய்யவில்லை என்று இரண்டு நாளாக போர்டு தொங்குகிறது. மூன்று மாடி ஏறியவன் வார்டு வாசலில் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிஷம் பேச முடியாமல் நின்றான். இருபத்தொன்பது வயதில் இப்படி மூச்சு இரைக்கிறதே, அமெரிக்காவில் முதல் வேலையாக ஜிம்மில் சேர் என்று லாவண்யா கிண்டல் செய்தாள். ராத்திரி பகலாகக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் இப்படித்தான் என்று அவன் மழுப்பினான்.

ஒன்பதரை மணிக்கு டாக்டர் எல்லோரையும் கட்டிலைச் சுற்றி நிற்க வைத்தார்.

இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகிற குழாயில் இரண்டு அடைப்பு, அது பழைய செய்தி. புதுச் செய்தி, இதயத்திலிருந்து ரத்தம் வெளியே போகிற வாசலில் சதை தடித்திருக்கிறது. சிவாஜிநகரில் ஏதோ ஒரு லேபில் எடுத்த எக்கோவிலும் தடிப்பு என்று எழுதித்தான் இருந்தது. பி.பி.யால் வந்திருக்கும் என்று எல்லோரும் தள்ளிவிட்டார்கள்.

"நானும்தான்" என்றார் டாக்டர். "நேத்து படுக்க வெச்சுக் கேட்டேன். படுத்திருந்தா அது சத்தமே போடாது. மழைக்காலத்துல கதவு ஊதிப்போய் நிலையில உரசும் பாருங்க, அந்த மாதிரி. குந்தி உட்கார்ந்தா இதயம் நிறைஞ்சு வழி விடுது. சட்டுனு எழுந்தா கதவு ஒட்டிக்குது. நீங்க குடுத்த மாத்திரை அதை இன்னும் ஒட்ட வெச்சிருக்கு."

ரத்தினம்மாள் கணவரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அந்தக் கதவுக்கு உள்ளே இருக்கிற அழுத்தத்துக்கும் வெளியே இருக்கிற அழுத்தத்துக்கும் வித்தியாசம் பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டும். எழுந்து நிற்க வைத்துப் பார்த்ததில் இவருக்குத் தொண்ணூற்றிரண்டு. பைபாஸ் மட்டும் செய்தால் குழாய் சரியாகும், கதவு சரியாகாது. அதோடு பைபாஸ் முடிந்து, அதுவரை இதயத்தின் வேலையைச் செய்த மெஷினை விட்டு இறக்கும்போது இதயத்தைத் தூக்கி நிறுத்தக் கொடுக்கிற மருந்தே கதவை இன்னும் இறுக்கிவிடும். ஆகவே ஒரே நேரத்தில் இரண்டும். புதுக் குழாயும் போட வேண்டும், சதையையும் சீவி எடுக்க வேண்டும்.

ஹரிஷ் எதிர்த்தான். இப்போது பைபாஸ் மட்டும் போதும், அப்பா தேறிய பிறகு மற்றதைப் பார்க்கலாம் என்றான். லாவண்யா, ஒரே நெஞ்சை இரண்டு தடவை திறப்பார்களா என்று அவன்மேல் பாய்ந்தாள். இருவரும் கன்னடத்துக்குத் தாவி, பிறகு இங்கிலீஷுக்குத் தாவி, கடைசியில் தமிழில் வந்து மூச்சு வாங்கினார்கள்.

இராஜமாணிக்கம் கையைத் தூக்கினார். "ஒரே நோட்ல ரெண்டு அப்ரூவல் வாங்குறது எனக்கும் இஷ்டந்தான். ஆனா முடிவு ரத்தினா சொல்லட்டும். நம்ம வீட்ல வேண்டிக்கிறது அவ. நான் நிறைவேத்துறவன்."

அவர் விளையாட்டாகச் சொன்னதாகத்தான் பிள்ளைகள் நினைத்தார்கள். ரத்தினம்மாளுக்கு அப்படித் தோன்றவில்லை. இத்தனை வருஷம் அவர் தலையில் எதை வைத்தாலும் தூக்கிக்கொண்டு போனாரே, இன்றைக்கும் அப்படியே நெஞ்சைக் காட்டுகிறாரே என்று இருந்தது.

"நீங்க எத்தனை பேருக்குப் பண்ணிருக்கீங்க சார்?"

"பைபாஸ் ஆயிரத்துக்கு மேல. சதை எடுக்கிறது பதினேழு. ரெண்டையும் சேர்த்துன்னா நாலு."

"நாலு பேரும் நல்லா இருக்காங்களா?"

"மூணு பேர் நடந்து வீட்டுக்குப் போனாங்க" என்றார் டாக்டர்.

நாலாவது ஆளைப் பற்றி அவராகவே சொன்னார். வயது எழுபத்தாறு, கிட்னி முன்பே கெட்டிருந்தது, கடைசி நேரத்தில் கொண்டுவந்தார்கள். ஒன்பதாம் நாள் போய்விட்டார். உங்கள் கணவருக்கு அந்தக் கோளாறெல்லாம் இல்லை, ஆனாலும் பைபாஸ் மட்டும் செய்வதைவிட இதில் ஆபத்து கூடுதல்தான், இல்லை என்று நான் சொல்ல மாட்டேன் என்றார்.

ரத்தினம்மாள் யோசித்தாள். "அந்த மூணு பேர்ல ஒருத்தரை நான் பார்க்கணும்" என்றாள்.

ஹரிஷ் தலையில் அடித்துக்கொண்டான். டாக்டர் பவுலினைப் பார்த்தார். பவுலின் ஏற்கெனவே ஃபோனை நோக்கிப் போய்க்கொண்டிருந்தாள்.

பிரேசர் டவுனிலிருந்து சிவாஜிநகர் நெரிசலைத் தாண்டி, ஸ்கூட்டரில் முப்பத்தைந்து நிமிஷத்தில் வந்து சேர்ந்தார் ஓஸ்வால்ட். ரயில்வேயில் கார்டாக இருந்தவர், அறுபத்தாறு வயது. தலையில் தொப்பி, கையில் ஹெல்மெட். வந்தவர் நேராக ரத்தினம்மாளிடம் போய், யாரும் கேட்பதற்கு முன்பே சட்டையின் மேல் இரண்டு பட்டனை அவிழ்த்துத் தழும்பைக் காட்டினார். லாவண்யா வெட்கப்பட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ரத்தினம்மாள் தழும்பைப் பார்க்கவில்லை. "லிஃப்ட் ஓடுதாங்க?" என்று கேட்டாள்.

"எங்கம்மா ஓடுது. படியிலதான் வந்தேன்."

"மூணு மாடியும்?"

"நடுவுல நிக்கவே இல்ல. எட்டு மாசம் முந்தி பாத்ரூம் போய் வர்றதுக்குள்ள நாலு தடவை உட்காருவேன். சண்டே சர்ச்சுக்குக் கூட மகன்தான் தூக்கிட்டுப் போவான். இப்ப பாருங்க, அவனை நான் பின்னால உட்கார வெச்சு ஸ்கூட்டர் ஓட்டுறேன்."

அவர் பேசிக்கொண்டே போனார். ரத்தினம்மாள் அவர் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று மாடி ஏறி வந்த நெஞ்சு சாதாரணமாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அவளுக்கு அது போதும்.

"பேப்பரைக் குடுங்க சார். கையெழுத்துப் போடுவார்" என்றாள்.

பன்னிரண்டு மணிக்கு உள்ளே கொண்டுபோனார்கள். தள்ளுவண்டியில் போகும்போது இராஜமாணிக்கம் மனைவியைக் கிட்டே கூப்பிட்டு, "ஏழுதான் ஆச்சு, இன்னும் பதினாலு பாக்கி" என்றார். டாக்டருக்காகப் போட்ட இரண்டையும் கழித்துக்கொள்ளலாமா என்று அவளுக்கு ஒரு சந்தேகம். அதெல்லாம் பிள்ளையார் ஒத்துக்கொள்ள மாட்டார் என்று லாவண்யா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

ஓஸ்வால்ட் வீட்டுக்குப் போகவில்லை. தனக்குத் தெரிந்ததையெல்லாம் மணிப் பிரகாரம் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இப்போது மெஷினில் போட்டிருப்பார்கள், இப்போது காலிலிருந்து எடுத்த ரத்தக்குழாயைத் தைத்துக்கொண்டிருப்பார்கள் என்று கார்டு ஸ்டேஷன் பெயர் சொல்வதுபோல் சொன்னார். ஹரிஷ் எரிச்சலோடு ஆரம்பித்து, மூன்று மணிக்கெல்லாம் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து அடுத்தது என்ன என்று கேட்க ஆரம்பித்துவிட்டான்.

நாலே காலுக்கு பவுலின் வந்தாள். சதையை எடுத்தாயிற்று, குழாய் தைத்தாயிற்று, இதயம் தானாக அடிக்கிறது, மெஷினிலிருந்து இறக்கிக்கொண்டிருக்கிறார்கள் என்றாள். லாவண்யா அம்மாவைக் கட்டிக்கொண்டாள்.

ஐந்து மணி ஆயிற்று. யாரும் வரவில்லை. ஓஸ்வால்டின் ஸ்டேஷன்கள் தீர்ந்துபோய் அவர் தொப்பியைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார். மறுபடி வந்த பவுலின் நின்று பேசாமல் போகப் பார்த்தாள். ரத்தினம்மாள் எழுந்து வழியை மறித்தாள்.

"மறுபடியும் மெஷின்ல போட்டிருக்காங்க ஆன்ட்டி" என்றாள் பவுலின். "எனக்கு அவ்வளவுதான் தெரியும்."

ரத்தினம்மாள் உட்காரவில்லை. அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எதுவும் வேண்டிக்கொள்ளவும் இல்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக, வேண்டிக்கொள்ளவே பயமாக இருந்தது. அவர் எழுந்து வந்தால் போதும், இனிமேல் அவர் பெயரில் எதையும் சொல்ல மாட்டேன் என்று மட்டும் மனசுக்குள் ஓடியது. அதுவும் வேண்டுதல்தானே என்று தோன்றியதும் அதையும் நிறுத்திக்கொண்டாள்.

ஆறு பத்துக்குக் கதவு திறந்தது. டாக்டர் சிவசங்கரன் முகமூடியைக் கழுத்தில் இறக்கிவிட்டு வந்தார். கையில் ஒரு சின்ன பாட்டில்.

"முதல் தடவை இறக்கினப்போ அழுத்த வித்தியாசம் முப்பத்தெட்டு இருந்தது. எனக்கு மனசு வரல. திரும்ப மெஷின்ல போட்டு இன்னும் கொஞ்சம் சீவினேன்."

"இப்ப எவ்வளவு சார்?" என்றான் ஹரிஷ்.

"ஒன்பது" என்றார் டாக்டர். அவருக்கே சிரிப்பை அடக்க முடியவில்லை. "தொண்ணூத்திரண்டு இருந்த எடத்துல ஒன்பது. பி.பி. பிரமாதமா நிக்குது. ரெண்டு குழாயும் நல்லா ஓடுது. நாளைக்குக் கண் முழிச்சுப் பேசுவார்."

ஒரு வார்டே எழுந்து நின்றதுபோல் இருந்தது. லாவண்யா அழுதாள், சிரித்தாள், முன்பின் தெரியாத யாரோ ஒருவரிடம் தண்ணீர் வாங்கிக் குடித்தாள். ஓஸ்வால்ட், "அஞ்சுல நாலு" என்று சொல்லிச் சொல்லி ஹரிஷின் முதுகில் அடித்தார். பவுலின் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

ரத்தினம்மாள் பாட்டிலை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். புளியங்கொட்டை அளவில் மூன்று துண்டு சதை. "இத்தினூண்டா?" என்றாள். கணவரை இத்தனை நாள் தூணைப் பிடிக்க வைத்தது இதுதானா என்று சந்தோஷமும் கோபமுமாக விம்மினாள்.

டாக்டர் போகிற போக்கில் ஒன்று சொன்னார். இந்தத் தடிப்பு வம்சத்தில் வருகிற சமாச்சாரம், பிள்ளைகள் இரண்டு பேரும் ஒரு எக்கோ எடுத்துக்கொள்ளுங்கள், அவசரமில்லை, திங்கட்கிழமை வந்தால் போதும் என்றார். சரி சரி என்று எல்லோரும் தலையாட்டினார்கள். யார் காதிலும் அது சரியாக விழவில்லை.

கீழே, ஆஸ்பத்திரி முன் ஹாலில், படிக்கட்டுக்குப் பக்கத்தில் ஒரு கருங்கல் பிள்ளையார் இருக்கிறார். வீட்டுக்குக் கிளம்ப இறங்கி வந்த ரத்தினம்மாள் அவர் எதிரில் நின்றாள். பாக்கி பதினாலையும் இனி வீட்டுக்காரர் போட முடியாது, நானே போட்டுவிடுகிறேன் என்று செருப்பைக் கழற்றினாள். மூட்டு வலிக்காரி. குனியும்போதே முகம் சுளித்தது.

"நகரும்மா. விசா யாருக்கு வந்தது? நானே போடறேன்" என்றான் ஹரிஷ்.

பாக்கெட்டிலிருந்த பேனாவையும் சில்லறையையும் தங்கையிடம் கொடுத்துவிட்டு, காதைப் பிடித்துக்கொண்டான். சந்தோஷத்தில் வேக வேகமாகப் போட்டான். லாவண்யா உரக்க எண்ணினாள். வாட்ச்மேன் வேடிக்கை பார்த்தான். ஓஸ்வால்ட் கை தட்டினார். வீட்டுக்குக் கிளம்பிய டாக்டர் சிவசங்கரனும் கார் சாவியோடு படிக்கட்டில் நின்று சிரித்தபடி பார்த்தார்.

"எட்டு, ஒன்பது, பத்து..."

பத்தாவதில் எழுந்த ஹரிஷ் சுவரைப் பிடித்தான்.

"ஒண்ணுமில்ல, காலைலேருந்து சாப்பிடல. அதான்" என்று சிரித்தான். நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது. லாவண்யா எண்ணுவதை நிறுத்திவிட்டாள்.

டாக்டர் சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, மீதிப் படிகளை இறங்கி வந்தார். பையிலிருந்து ஸ்டெதாஸ்கோப்பை எடுத்தார். திங்கட்கிழமைதானே சார் என்றான் ஹரிஷ். அவர் அவன் சட்டைப் பட்டனைத் திறந்து நெஞ்சில் வைத்தார். உட்காரச் சொன்னார். எழுந்திருக்கச் சொன்னார். அவர் கண் மூடியிருந்தது.

இந்த முகத்தை ரத்தினம்மாள் இன்று காலை ஒரு தடவை பார்த்திருக்கிறாள்.

"இன்னொரு தடவை" என்றார் டாக்டர்.